டி.சி. கேட்ட இன்டர்நெட்

போன வாரம் லண்டனிலிருந்து மகள் பேசினாள். "அப்பா, வீட்டு இன்டர்நெட்டை வேறு கம்பெனிக்கு மாத்திட்டோம். புதுக் கம்பெனிகிட்ட மட்டும்தான் சொன்னோம். பழசை அவங்களே நிறுத்திட்டாங்க" என்றாள். தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவன் என்பதால் இதையெல்லாம் என்னிடம் சொல்வாள். எனக்கு 2006 ஞாபகம் வந்தது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. நம் ஊரில் போலவே பிரிட்டனிலும் தபாலும் தொலைபேசியும் ஒரே குடையின் கீழ் இருந்தன. 1981-ல் தொலைபேசியைப் பிரித்து பிரிட்டிஷ் டெலிகாம் ஆக்கினார்கள். 1984-ல் அதன் பாதிக்கு மேற்பட்ட பங்குகளை விற்றார்கள். 2000-ல் பழைய செம்புக் கம்பியிலேயே பிராட்பேண்ட் வந்தது. பல கம்பெனிகள் கடை விரித்தன. ஆனால் வாசலுக்கு வரும் கம்பி பெரும்பாலான ஊர்களில் பிரிட்டிஷ் டெலிகாமுடையதுதான். அந்தக் கம்பியை எல்லாக் கம்பெனிகளுக்கும் பாரபட்சமில்லாமல் கொடுப்பதற்காக 2006 ஜனவரியில் ஓப்பன்ரீச் என்ற பிரிவை அமைத்தார்கள்.

கம்பி ஒன்றாக இருந்தாலும் கம்பெனி மாறுவது சுலபமில்லை. பழைய கம்பெனி 'மேக் கோட்' என்று ஓர் எண் தர வேண்டும். பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்குவது மாதிரி. அது இருந்தால்தான் புதுக் கம்பெனி சேர்த்துக்கொள்ளும்.

மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் அந்த வருடம் அங்கே இருந்தோம். கும்பகோணத்தில் தம்பி வீட்டுக் கணினி முன் உட்கார்ந்து என் அம்மா ஞாயிறுதோறும் ஸ்கைப்பில் கொள்ளுப்பேத்தியைப் பார்ப்பாள். அப்போது மாப்பிள்ளை கம்பெனி மாற நினைத்தார். பழைய கம்பெனி எண்ணைத் தராமல் இழுத்தடித்தது. வெறுத்துப்போய் இணைப்பையே ரத்து செய்துவிட்டார். வந்தது வினை. பழைய கம்பெனியின் அடையாளம் கம்பியில் இன்னும் நீங்கவில்லை என்று புதுக் கம்பெனி கையை விரித்தது.

ஐந்து ஞாயிறு போயின. அதற்குள் குழந்தை முதல் தடவையாகக் குப்புற விழுந்தாள். போனில் சொன்னேன். "குரல் எதுக்குடா? குழந்தை மூஞ்சியைக் காட்டு" என்றாள் அம்மா. நாற்பது வருடம் ஊருக்கெல்லாம் கம்பி இழுத்தவன், பதில் இல்லாமல் நின்றேன்.

2007 பிப்ரவரியில், கேட்ட ஐந்து வேலை நாட்களுக்குள் எண்ணைத் தர வேண்டும் என்பது கட்டாயமானது. 2015 ஜூனில் ஓப்பன்ரீச் கம்பிக்குள் மாறுகிறவர்களுக்கு அந்த எண்ணே வேண்டாம் என்றானது. ஒரு கம்பியிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் கம்பிக்கு மாறுகிறவர்கள் மட்டும் இரண்டு பக்கமும் பேச வேண்டியிருந்தது. 2024 செப்டம்பர் 12 முதல் அதுவும் இல்லை. புதுக் கம்பெனியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இந்தப் பதினெட்டு வருடத்தில் வேகம் கூடியதைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. முன்பு விட்டுப் போக, விடுகிறவனிடமே அனுமதி கேட்க வேண்டியிருந்தது. இப்போது அந்தச் சாவி குடியிருப்பவர் கையில் இருக்கிறது.

ஆறாவது ஞாயிறு இணைப்பு வந்தது. குழந்தை கேமரா முன்னால் குப்புற விழுந்தாள். அம்மா அங்கிருந்தே இரண்டு கையாலும் நெட்டி முறித்தாள். அந்தச் சத்தம் கும்பகோணத்திலிருந்து லண்டன் வரை கேட்டது.