கள்ளச்சாராய நச்சும் தமனி இரத்த வாயுப் பரிசோதனையும்

2023 மே மாதம், பெருமுக்கலுக்குக் கிழக்கே மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தியோர் பலர் உயிரிழந்தனர்.

மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறப் பல மணி நேரம் ஆகலாம். அதுவரை போதை மட்டுமே தெரியும். விரலில் பொருத்தும் கருவி ஆக்சிஜன் அளவை இயல்பாகவே காட்டக்கூடும். அமிலத்தை அது அளப்பதில்லை. எனவே மணிக்கட்டுத் தமனியிலிருந்து இரத்தம் எடுக்கப்படுகிறது. வழக்கமான இரத்தப் பரிசோதனையைவிட இது சற்று வலிக்கும்.

முடிவில் முதலில் காண வேண்டியது பிஎச் அளவு. இயல்பு 7.35 முதல் 7.45 வரை. இந்நச்சில் அது குறைகிறது. 22 முதல் 26 வரை இருக்க வேண்டிய பைகார்பனேட்டும் குறைகிறது. கார்பன் டை ஆக்சைடு 35க்குக் கீழே இருப்பின், அமிலத்தை ஈடுசெய்ய நோயாளி வேகமாக மூச்சு விடுகிறார் என்று பொருள். அதனை வெறும் பதற்றம் எனக் கருதலாகாது.

பார்வை மங்கல், வாந்தி, வயிற்றுவலி தோன்றும்வரை காத்திராமல் 108ஐ அழைக்கவும். எப்போது, எவ்வளவு அருந்தினார் என்பதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்.