பாப் ஸ்மியர் பிறந்த கதை

மேரிக்கு எந்த நோயும் இல்லை. வலி இல்லை, இரத்தப்போக்கு இல்லை, வைத்தியரைத் தேட வேண்டிய குறை ஒன்றும் இல்லை. இருந்தும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் கணவரின் பரிசோதனைக்கு அவர் தன் உடம்பைக் கொடுத்துக்கொண்டிருந்தார். கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் பாப் ஸ்மியர் பிறந்த கதையை நான் அவரிடமிருந்துதான் தொடங்குவேன். 'பாப்' என்பது கணவர் ஜார்ஜ் பாபனிகொலாவின் பெயரிலிருந்து வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அது மேரியின் பெயரும்தான்.

1913 அக்டோபரில் இருவரும் கிரேக்க நாட்டிலிருந்து வந்து நியூயார்க்கில் இறங்கினார்கள். கையில் இருந்தது 250 டாலர். ஜார்ஜ், எவ்பியா தீவிலுள்ள கிமி ஊர்க்காரர்; டாக்டரின் மகன்; தானும் ஏதென்ஸில் மருத்துவம் முடித்து, மியூனிக்கில் முனைவர் பட்டம் வாங்கியவர். அந்தப் படிப்பு நியூயார்க்கில் உடனே சோறு போடவில்லை. கிம்பெல்ஸ் என்ற பெரிய கடையில் மேரி வாரம் 5 டாலருக்குப் பட்டன் தைத்தார். அதே கடையில் கம்பளம் விற்கப் போன ஜார்ஜ் ஒரே நாளில் விட்டுவிட்டார். 1914இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ஆய்வு வேலை கிடைத்தது. மேரியும் உதவியாளராக அந்த ஆய்வகத்துக்கே போனார்.

ஆய்வு கினிப்பன்றிகளில். அதற்குக் கருமுட்டை சரியான நாளில் வேண்டும். அந்த நாள் எது என்று வெளியிலிருந்து தெரியாது. விலங்கைக் கொன்று பார்ப்பதுதான் வழி. பெண் உயிருக்கெல்லாம் மாதவிலக்கு மாதிரி ஏதோ ஒரு கசிவு இருக்கத்தானே வேண்டும், கினிப்பன்றிக்கு மட்டும் இல்லாமலா போகும் என்று ஜார்ஜுக்குத் தோன்றியது. மூக்கை விரித்துப் பார்க்கும் சின்னக் கருவி ஒன்றைக் கொண்டு பரிசோதித்தார். இரத்தம் இல்லை. ஆனால் கிடைத்த துளிக் கசிவைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது, செல்களின் உருவம் நாளுக்கு நாள் மாறுவதும், ஏறத்தாழ 16 நாளில் அதே வரிசை திரும்புவதும் தெரிந்தன. துறைத் தலைவர் ஸ்டாக்கார்டுடன் சேர்ந்து 1917இல் இதை வெளியிட்டார். வெட்டாமல், குத்தாமல், உடம்பு தானாக உதிர்ப்பதைப் படித்தே உள்ளே நடப்பதை அறியலாம் என்பது அங்கே உறுதியானது.

இதே கணக்கு மனிதப் பெண்ணுக்கும் பொருந்துமா? ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு தொந்தரவோடு வருகிறவர்கள். நல்ல உடம்பில் செல்கள் ஒரு மாதத்துக்குள் எப்படியெல்லாம் மாறும் என்று தெரிந்தால்தான், வழிதவறிய செல்லை அடையாளம் காண முடியும். அதற்கு ஒரு நலமான பெண் வேண்டும், விடாமல் வேண்டும். அந்தப் பெண் மேரி ஆனார். மனைவி என்பதால் எளிதில் கிடைத்துவிட்டார் என்று நினைக்கும்போது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. மருத்துவ வரலாற்றில் அவருக்கு ஓரிரு வரிக்கு மேல் இடம் கிடைக்காததும் உறுத்துகிறது. அவர் கொடுத்த தகடுகள் இல்லையென்றால் ஒப்பிட்டுப் பார்க்க ஜார்ஜுக்கு அளவுகோலே இருந்திருக்காது.

1920களின் நடுவில் மருத்துவமனைப் பெண்களிடமும் தகடு எடுக்கத் தொடங்கினார். ஒரு நாள் புற்றுநோய் வந்த பெண்ணின் தகட்டில், உட்கரு பெருத்து, கோணல்மாணலாகத் திரிந்த செல்களைக் கண்டார். தன் ஆய்வு வாழ்க்கையின் மிகப் பெரிய சிலிர்ப்புகளில் ஒன்று அது என்று பின்னாளில் அவரே சொன்னார். 1928 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்து பேட்டில் கிரீக் நகரில் நடந்த மாநாட்டில் இதை அறிவித்தார். யாரும் பொருட்படுத்தவில்லை. அதே காலத்தில் ருமேனியாவில் ஆரெல் பாபெஷ் என்ற மருத்துவர் தனியாக இதே வழியைக் கண்டிருந்தார். அவரையும் உலகம் கவனிக்கவில்லை.

சதையைக் கிள்ளியெடுத்துச் சோதிக்கும் முறை இருக்கும்போது, கசிவில் போய்ச் செல்லைத் தேடுவானேன் என்றுதான் மருத்துவர்கள் நினைத்தார்கள். புண் கண்ணில் பட்ட பிறகு அது சரியான கேள்விதான். புண்ணே இல்லாத பெண்ணிடம் எந்த இடத்தில் கிள்ளுவது? அப்படி ஒரு பெண்ணைச் சோதிக்க வேண்டும் என்ற நினைப்பே அன்றைய மருத்துவத்தில் இல்லை. நோயாளி வந்து கதவைத் தட்டட்டும் என்று அது காத்திருந்தது.

ஜார்ஜ் 11 ஆண்டுகள் காத்திருந்தார். 1939இல் மகளிர்நோய் மருத்துவர் ஹெர்பர்ட் டிராட்டுடன் சேர்ந்து, நியூயார்க் மருத்துவமனையின் பெண்கள் பிரிவில் சேர்ந்த எல்லாரிடமும் தகடு எடுத்தார். எந்தத் தொந்தரவும் சொல்லாத, கண்ணுக்கு எந்தப் புண்ணும் தெரியாத பெண்களிடமும் நோய் வெளிப்பட்டது. 1941இல் கட்டுரை, 1943இல் புத்தகம். அந்தப் புத்தகத்துக்குச் செல்களை வண்ணத்தில் வரைந்து கொடுத்தவர் ஹாஷிமே முராயாமா என்ற ஜப்பானிய ஓவியர். அமெரிக்காவும் ஜப்பானும் போரில் இருந்த வருஷங்கள் அவை.

இந்தப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. எச்பிவி என்ற வைரஸ் தொற்றித் தங்கிவிட்டால், செல்கள் மெல்லத் திரிந்து புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும். (வைரஸின் பங்கு 1980களில்தான் தெளிவானது.) அந்த ஆண்டுகள் முழுக்க வலி இருக்காது. மாதவிலக்கு நின்று பல வருஷம் கழித்து மறுபடி இரத்தம் பட்டது என்று ஓடிவரும்போது, எளிதாகத் தடுத்திருக்கக்கூடிய காலம் பெரும்பாலும் கடந்திருக்கும். திரிந்த செல்கள் இருக்கும் இடத்தை முன்பே கண்டால், அந்த இடத்தை மட்டும் உறையவைத்தோ வெட்டியோ நீக்கிவிட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பலாம்.

1947இல் கனடாவின் ஏர் என்பவர் ஐஸ் குச்சி போன்ற மரக் கரண்டியால் கருப்பைவாயிலிருந்து நேராகவே சுரண்டி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். வேலை எளிதாயிற்று. தகடு பார்ப்பதற்கென்றே ஒரு புதுத் தொழில் உண்டாயிற்று. எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது ஃபின்லாந்தின் கடிதம். 1960களிலிருந்து அந்த நாட்டில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வீட்டுக்கே அழைப்பு போகிறது. அங்கே இந்தப் புற்றுநோயால் சாகிறவர்களின் விகிதம் ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்தது.

நம் பக்கம் அது அப்படியே பலிக்கவில்லை. தகடு பார்க்கப் பயிற்சி பெற்றவர் போதாது. தகடு நகரத்துக்குப் போய் முடிவு திரும்ப நாளாகும். அதற்குள் தகடு கொடுத்த அம்மா களையெடுக்கப் போயிருப்பார், அல்லது ஊரையே விட்டிருப்பார். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில் தகடே இல்லாமல் பார்த்தார்கள். கருப்பைவாயில் வினிகரின் புளிப்புச் சத்தான அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், திரிந்த இடம் வெளுத்துத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸ்களே பார்த்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு அவர்களே உறையவைத்து வைத்தியமும் செய்தார்கள். 30 முதல் 59 வயது வரையிலான 31,343 பெண்கள் சோதனைக்கு வந்தார்கள். சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்த நோயின் சாவு, அழைக்கப்படாத ஊர்களைவிட 35 விழுக்காடு குறைந்தது என்று 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. ஆய்வகம் இல்லாத ஊரிலும் இது நடக்கும் என்று உலகத்துக்குக் காட்டியது நம் திண்டுக்கல்.

அதன் பிறகும், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுக்குள் ஒருமுறையாவது இந்தப் புற்றுநோய்க்கான சோதனை செய்துகொண்ட பெண்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. கூச்சம், கூலி போய்விடும் என்ற கவலை, வீட்டில் கேட்க வேண்டியிருப்பது, எல்லாம் இருக்கிறது. செலவு அரசு ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை. கிராம சுகாதாரச் செவிலியர் வாசலில் வந்து நின்று கூப்பிட்டால் பெரும்பாலும் கேட்கிற பதில் ஒன்றுதான்.

"எனக்குத்தான் ஒண்ணுமில்லையே, நான் எதுக்குங்க வரணும்?"

"ஒண்ணுமில்லாதப்பத்தான்க்கா வரணும். வாங்க, பத்து நிமிஷம்."