வேளாண் ஆலோசனை: தூத்துக்குடிக் கரிசல் வட்டாரம்

தூத்துக்குடி மாவட்டம் துறைமுகத்தாலும் முத்துக்குளிப்பாலும் அறியப்பட்டாலும், அதன் வடபகுதியான கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் வட்டாரங்கள் வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரிக் கரிசல். கோவில்பட்டியில் 1901 முதல் ஆராய்ச்சி நிலையமும், வாகைக்குளத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் உண்டு. ஆனால் 1980களின் ‘பயிற்சி, பார்வை’ திட்டத்தில் நாள் குறித்து ஊருக்கு வந்த கள அலுவலருக்கு, இன்று மானியப் பதிவு வேலைகளே நேரத்தைத் தின்றுவிடுகின்றன. அந்த இடத்தை உரக்கடை பிடித்துக்கொண்டது. நாடு முழுதும் இதே கதைதான்: 2013இன் தேசிய மாதிரி ஆய்வில் பெரும்பான்மை விவசாயக் குடும்பங்கள் எவரிடமும் தொழில்நுட்ப ஆலோசனை பெறவில்லை.

2018இல் மக்காச்சோளத்தில் அமெரிக்கப் படைப்புழு பரவியபோது இந்த ஆலோசனைக் குறைவின் விலை தெரிந்தது. இலையில் வெள்ளைச் சுரண்டல் தெரியும் கட்டத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும். புழு குருத்துக்குள் புகுந்து, மரத்தூள் போன்ற எச்சத்தால் குருத்தின் வாயை அடைத்துவிட்டால் மருந்து உள்ளே எட்டாது. கிசான் அழைப்பு மையமும் உழவன் செயலியும் போதாதா, கடைக்காரர்களுக்கும் பட்டயப் பயிற்சி தருகிறார்களே என்று கேட்கலாம். அவை பயன்படுகின்றன, பக்கத்து வயலைப் பார்த்தும், வாட்ஸ்அப்பில் இலைப்படம் அனுப்பியும் விவசாயிகள் சமாளிக்கவும் செய்கிறார்கள். ஆனால் செயலி கேட்டதற்குத்தான் பதில் தரும். அறுவடையில் தீர்க்கும் கடனுக்கு மருந்து கொடுக்கும் கடைக்கோ, ‘இப்போது அடிக்க வேண்டாம்’ என்று சொல்வதில் வருமானமில்லை. கடன்பட்டவர் கடை மாறவும் முடியாது. விற்பனையோடு ஒட்டாத ஒருவர் குருத்தைப் பிரித்துப் பார்ப்பதற்கு இவை ஈடாகா.