கைதட்டலும் ஒலிநாடாவும்: கூல் மோ டீயும் ராப் மோதலின் அளவுகோல் மாற்றமும்

1981 டிசம்பரில் நியூயார்க்கின் ஹார்லெம் வேர்ல்டு அரங்கில் கூல் மோ டீ என்ற பத்தொன்பது வயது இளைஞர், பிஸி பீ ஸ்டார்ஸ்கி என்ற புகழ்பெற்ற எம்சியை மேடையிலேயே சொல்லால் வீழ்த்தினார். ஹிப்-ஹாப் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இந்தச் சில நிமிடங்களை ஒரு திருப்புமுனையாகவே காட்டுகிறார்கள். கூட்டத்தைக் களிப்பூட்டும் எம்சியின் காலம் அன்றோடு முடிந்தது, வரிகளைச் செதுக்கும் பாடலாசிரியரின் காலம் தொடங்கியது என்பது அவர்கள் கணிப்பு. சொல்வதற்குச் சுவையான கதைதான். ஆனால் ஒரே இரவில் ஒரு கலை தன் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை. செதுக்கிய வரிகள் அதற்கு முன்பே இருந்தன, கூட்டத்தைக் களிப்பூட்டும் எம்சிகள் அதற்குப் பின்னும் இருந்தார்கள். மோ டீயின் வாழ்க்கையை 1980 முதல் தொடர்ந்து பார்த்தால் வேறொரு மாற்றம் தெரிகிறது. யார் வென்றார் என்று சொல்லும் அதிகாரம் அரங்கில் நின்றவர்களின் கூச்சலிலிருந்து, ஒலிநாடாவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டவர்களின் காதுக்கு நகர்ந்தது. அந்த நகர்வை முதலில் உணர்ந்து, அதற்கேற்ப எழுதிய மோதல் கவிஞர்களில் ஒருவர் என்பதே அவருக்கு வரலாற்றில் உரிய இடம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

எம்சி என்பவர் தொடக்கத்தில் டிஜேயின் துணையாள். 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்ஸ் பகுதியின் 1520 செட்ஜ்விக் அவென்யூ குடியிருப்பில் கூல் ஹெர்க் நடத்திய விருந்தையே ஹிப்-ஹாப்பின் பிறப்பாகச் சொல்வது வழக்கம். அங்கே நாயகன் இசைத்தட்டைச் சுழற்றியவர்தான். ஒலிவாங்கி பிடித்தவர் வந்தவர்களின் பெயரைச் சொல்வார், ஆடச் சொல்வார், கையை உயர்த்தச் சொல்வார். இந்தச் சிறு முழக்கங்கள் நீண்டு, இயைபு பெற்று, பாட்டாக வளர்ந்தபோதும் அவற்றின் நோக்கம் மாறவில்லை: எதிரே நிற்கும் கூட்டம் பதில் குரல் கொடுக்க வேண்டும். ஆகவே எம்சிகளுக்கிடையே போட்டி வைத்தபோது யாருக்கு அதிகக் கூச்சல் எழுகிறதோ அவரே வென்றவர் என்பது இயல்பான நெறியாக இருந்தது. பிஸி பீ இந்த நெறியில் தேர்ந்தவர். பொருளற்ற அசைகளைத் தாளத்தோடு உருட்டி, கூட்டத்தைத் திருப்பிச் சொல்ல வைத்து, சிரிக்கவும் வைத்து, அரங்கையே தன் கைக்குள் கொண்டுவருவார். இதை மலிவான வித்தை என்று பின்னால் வந்தவர்கள் ஒதுக்கியது அநியாயம். முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானவர்களை ஒரே மூச்சில் குரல்கொடுக்க வைப்பது எழுத்துத் திறனுக்குக் குறைந்த திறன் அல்ல.

மாற்றத்துக்கான வலுவான சான்று மோ டீயின் மோதலில் இல்லை; அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன் அதே அரங்கில் நடந்த வேறொரு போட்டியில் இருக்கிறது. 1981 ஜூலையில் கோல்டு க்ரஷ் பிரதர்ஸ் குழுவும் ஃபென்டாஸ்டிக் ஃபைவ் குழுவும் ஆயிரம் டாலர் பரிசுக்காக மோதின. தீர்ப்பு கூட்டத்தின் கையில். மேடைக் கவர்ச்சியும் ரசிகைகளின் ஆதரவும் மிகுந்த ஃபென்டாஸ்டிக் குழுவே பரிசை வென்றது. ஆனால் அந்த நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு கைமாறிக் கைமாறிப் படியெடுக்கப்பட்டு, தெருவில் தோளில் சுமந்த பெரிய கேசட் பெட்டிகளிலும் வாடகைக் கார்களிலும் ஒலித்தபோது வேறொரு தீர்ப்பு உருவானது. உடையும் நடனமும் ஒலிநாடாவில் ஏறுவதில்லை. ஏறியது சொல்லும் குரலும் தாளமும் மட்டுமே. கோல்டு க்ரஷ் குழுவின் கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதிய வரிகள் அங்கே தனித்துத் தெரிந்தன. அரங்கில் இல்லாத பல ஆயிரம் பேர் அவர்களையே வென்றவர்களாகக் கருதினார்கள். இன்றுவரை அந்தக் கருத்து நிலைத்திருக்கிறது. ஒரே போட்டிக்கு இரண்டு நீதிமன்றங்கள், இரண்டு தீர்ப்புகள். ராப் மோதலின் வரலாற்றில் இந்த முரணைவிடத் தெளிவான ஆவணம் வேறில்லை என்பது என் மதிப்பீடு. இதே காஸின் வரிகள்தான் 1979இல் 'ராப்பர்ஸ் டிலைட்' இசைத்தட்டில் அவர் பெயரின்றி வேறொருவர் குரலில் வெளிவந்து உலகெங்கும் விற்றன. எழுதியவர் யார் என்ற கேள்வி இந்த உலகில் ஏன் அவ்வளவு சூடாக இருந்தது என்பதை அது விளக்கும்.

இந்தப் பின்னணியில்தான் மோ டீ வருகிறார். 1962இல் நியூயார்க்கில் பிறந்து ஹார்லெமில் வளர்ந்த அவருடைய இயற்பெயர் மோகன்தாஸ் டிவீஸ். அப்பெயர் தாங்கியவர் வசைப்பாட்டால் புகழ்பெற்றது வரலாற்றின் குறும்பு. எல்.ஏ. சன்ஷைன், ஸ்பெஷல் கே, டிஜே ஈஸி லீ ஆகியோருடன் அவர் இயங்கிய ட்ரெச்சரஸ் த்ரீ குழு, ஹார்லெமின் பழம்பெரும் இசைத்தட்டு வணிகர் பாபி ராபின்சனின் என்ஜாய் நிறுவனத்துக்காக 1980இல் 'தி நியூ ராப் லாங்குவேஜ்' பாடலைப் பதிவு செய்தது. அசைகளை நெருக்கி அடுக்கி, மூச்சுவிட இடமின்றிக் கடுகி ஓடும் பாட்டு அது. வேகம் இங்கே வெறும் சாகசமில்லை. ஓர் அடிக்குள் கூடுதல் சொற்கள் நுழையும்போது இறுதி இயைபு மட்டும் போதாது. அடியின் உள்ளேயும் ஒலி ஒத்துவர வேண்டும். அப்படி எழுதப்பட்ட வரியை ஒருமுறை கேட்டால் முழுவதும் பிடிபடாது. மறுபடி கேட்க வேண்டியிருக்கும். அதாவது அவர் எழுதிய முறையே மறுகேட்பை எதிர்பார்த்தது. கூட்டம் திருப்பிச் சொல்லும் பாட்டுக்கு இது நேரெதிர்: இதில் கேட்பவரால் கூடச் சேர்ந்து பாட முடியாது, கவனித்துக் கேட்கத்தான் முடியும்.

டிசம்பர் மோதலின் ஒலிப்பதிவை இந்தக் கோணத்தில் கேட்க வேண்டும். பிஸி பீ தன் வழக்கமான பாணியில் கூட்டத்தை எழுப்பிவிட்டு இறங்குகிறார். பிறகு வரும் மோ டீ கூட்டத்திடம் எதையும் கேட்பதில்லை. எதிராளியின் பெயரைச் சொல்லி நேராகக் குற்றப்பத்திரிகை வாசிக்கிறார். பிஸி பீயின் அசை உருட்டலை எடுத்துக்காட்டிக் கேலி செய்கிறார். அவர் பாடியவற்றில் ஸ்பூனி ஜீ என்ற ராப்பரிடம் விலைக்கு வாங்கியதும் உண்டு என்கிறார். ஸ்டார்ஸ்கி என்ற பெயரே லவ்பக் ஸ்டார்ஸ்கி என்ற டிஜேயிடமிருந்து எடுத்தது என்கிறார். வசையைவிட முக்கியமானது இந்தக் குற்றச்சாட்டுகளின் வகை. மூன்றும் ஆசிரியத்துவம் பற்றியவை: இது உன் சொல்லா, உன் பெயரா, உன் எழுத்தா? கூட்டத்தைக் குரல்கொடுக்க வைக்கும் எம்சியிடம் அதுவரை பெரிதாகக் கேட்கப்படாத கேள்வி இது. வாங்கிய வரியாக இருந்தாலும் அரங்கம் அதிர்ந்தால் போதும் என்பதே பழைய நெறி. மோ டீ அந்த நெறிக்குள் நின்று வெல்ல முயலவில்லை. போட்டியின் விதியையே மேடையில் மாற்றி எழுதினார். அன்றைய ஒலிநாடாவும் கோல்டு க்ரஷ் நாடாவைப் போலவே ஊர் ஊராகப் பரவியது. இம்முறை அரங்கின் தீர்ப்பும் நாடாவின் தீர்ப்பும் ஒன்றாகவே இருந்தன.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை உண்டு. முதலாவது, இது சமமான மோதலே இல்லை. பிஸி பீ முன்னரே பாடி முடித்துவிட்டார், பதில் சொல்லவில்லை, தாக்குதல் ஒருபக்கமாகவே நடந்தது. உண்மைதான். ஆயினும் ஒருவரோடொருவர் மாறி மாறிப் பாடுவது அன்று கட்டாய வடிவமாக இல்லை. வரிசையாகப் பாடி முடிவில் கூட்டத்திடம் விடுவதே வழக்கம். எதிரியைப் பெயர் சொல்லி விமர்சிக்கும் வடிவத்தை நிலைநாட்டியதில் இந்தப் பதிவுக்குப் பெரும் பங்குண்டு என்பதால், பின்னால் வந்த வடிவத்தை அளவுகோலாக வைத்து இதைக் குறைசொல்வது காலத்தைத் தலைகீழாக்குவது. இரண்டாவது, அன்று வென்றதும் கூட்டத்தின் கூச்சலால்தானே என்பது. பதிவில் கூட்டம் ஆர்ப்பரிப்பது நன்றாகவே கேட்கிறது. ஆனால் எப்போது ஆர்ப்பரிக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பிஸி பீக்கு அது கட்டளைக்குப் பதிலாக எழுகிறது; மோ டீக்கு ஒரு வரி முடிந்து அதன் பொருள் உறைக்கும் கணத்தில் எழுகிறது. மூன்றாவது எதிர்வாதம் கடினமானது: மெலி மெல், காஸ் ஆகிய எம்சிகள் ஏற்கெனவே எழுத்துத் திறனில் முன்னோடிகள் என்றால் மோ டீக்கு மட்டும் ஏன் இந்த இடம்? எழுத்தில் அவர் முதல்வர் என்று நான் சொல்லவில்லை. அத்திறனையே போட்டியின் நெறியாக வெளிப்படையாக அறிவித்தவர் என்பதுதான் என் வாதம். அடுத்த தலைமுறை ராப்பர் ரக்கீம் தன் முன்னோடிகளாக இம்மூவரையும் சேர்த்தே சொல்லியிருப்பது இந்தப் பகுப்புக்கு இசைவாகவே இருக்கிறது.

ட்ரெச்சரஸ் த்ரீ பின்னர் சுகர் ஹில் நிறுவனத்துக்குச் சென்றது, 1984இல் 'பீட் ஸ்ட்ரீட்' திரைப்படத்தில் தோன்றியது, அதன்பின் மெல்லக் கலைந்தது. மோ டீ ஓல்டு வெஸ்ட்பரி கல்லூரியில் பட்டம் பெற்று, 1986இல் பால்வினை நோயை நகைச்சுவையாகப் பேசும் 'கோ சீ தி டாக்டர்' பாட்டோடு தனிப் பாடகராகத் திரும்பினார். மறுஆண்டு 'ஹவ் யா லைக் மீ நவ்' இசைத்தொகுப்பின் அட்டையில் ஒரு ஜீப்பின் சக்கரத்துக்கடியில் சிவப்புத் தொப்பி ஒன்று நசுங்கிக் கிடந்தது. அது குயின்ஸ் பகுதியின் இளம் நட்சத்திரம் எல்எல் கூல் ஜேயின் அடையாளம். எல்எல் தன் பாணியை எடுத்துக்கொண்டு முன்னோடிகளை மதிக்காமல் போனார் என்பது மோ டீயின் குற்றச்சாட்டு. ஆசிரியத்துவம் என்ற பழைய கேள்விதான் மறுபடியும். எல்எல் 1988இல் 'ஜாக் தி ரிப்பர்', 1990இல் 'டு டா பிரேக் ஆஃப் டான்' பாட்டுகளால் திருப்பியடித்தார். மோ டீ 'லெட்ஸ் கோ', 'டெத் ப்ளோ' என்று தொடர்ந்தார். இந்த மோதல் பெரும்பாலும் இசைத்தட்டுகளிலேயே நடந்தது. தீர்ப்பு சொல்ல ஓர் அரங்கம் தேவைப்படவில்லை.

இங்கேதான் என் வாதத்துக்கு உண்மையான சிக்கல் வருகிறது. வீட்டில் அமர்ந்து மறுபடி மறுபடி கேட்பவர்களே நீதிபதிகள் என்றால் அவர்கள் எல்எல்லின் பக்கம்தான் சாய்ந்தார்கள். 1990இன் 'மாமா செட் நாக் யூ அவுட்' தொகுப்பு பெருவெற்றி பெற்றது. மோ டீயின் 1991 தொகுப்பு அந்த உயரத்தின் அருகில்கூட வரவில்லை. இதற்கு அவருடைய ஆதரவாளர்கள் விற்பனை வேறு, எழுத்து வேறு என்று சொல்வதுண்டு. அது தப்பித்தல். 'ஜாக் தி ரிப்பர்' எழுத்தாகவே கூர்மையானது. மோ டீயின் அழுத்தந்திருத்தமான, ஓரளவு ஆசிரியத்தனமான உச்சரிப்பு 1990களின் தளர்ந்த, பேச்சோடு கலந்த பாணியின் முன் பழையதாகத் தொனித்தது. அவர் நிறுவிய அளவுகோலே அவரை அளந்து பின்னால் நிறுத்தியது. இது வாதத்தை வீழ்த்தவில்லை, அதன் எல்லையைக் காட்டுகிறது: விதியை எழுதியவர் அந்த விளையாட்டில் என்றும் வெல்வார் என்ற உத்தரவாதம் எதுவும் இல்லை.

விதி எழுதும் ஆர்வம் மட்டும் அவரை விடவில்லை. 1987 தொகுப்போடு அவர் ஒரு மதிப்பெண் பட்டியலும் அச்சிட்டார். சொல்வளம், உச்சரிப்பு, படைப்பாற்றல், தனித்தன்மை, பன்முகத்திறன், குரல், பதிவுகள், மேடை ஆளுமை, கருப்பொருளை விடாமை, தாளப் புதுமை என்ற பத்துத் தலைப்புகளில் சக ராப்பர்களை எடைபோட்ட பட்டியல் அது. தன்னையே முன்வரிசையில் வைத்துக்கொண்டது பலருக்கு எரிச்சலூட்டியிருக்கும். 2003இல் அதே பழக்கத்தை ஐம்பது எம்சிகளைத் தரவரிசைப்படுத்தும் ஒரு நூலாகவே விரித்தார். இம்முறை முதலிடம் மெலி மெலுக்கு. பட்டியல் போடுவதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கலாம். ஆனால் அந்தப் பத்துத் தலைப்புகளைத் தனித்தனியே பார்த்தால் பெரும்பாலானவை ஒலிநாடாவில் கேட்டுச் சரிபார்க்கக்கூடியவை. விதிவிலக்கு மேடை ஆளுமை. பிஸி பீ எந்தத் திறனால் அரங்குகளை வென்றாரோ அந்தத் திறனுக்கு, அவரை வீழ்த்தியவரே பத்தில் ஒரு பங்கு மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறார். பிஸி பீயும் காணாமல் போய்விடவில்லை: டிசம்பர் தோல்விக்குப் பிறகு வெளிவந்த 'வைல்டு ஸ்டைல்' திரைப்படத்தில் அதே களிப்பூட்டும் எம்சியாகவே அவரைப் பார்க்கலாம்.