மதுரை வட்டாரத்தில் தானியங்கி இசைத்தட்டுச் சுழலிகள்

தானியங்கி இசைத்தட்டுச் சுழலி என்பது, ஊசி பொருத்திய கையைத் தட்டின் மீது இறக்குவதையும் பாட்டு முடிந்ததும் அதைத் தூக்கி இருப்பிடத்தில் வைப்பதையும் ஆள் தொடாமல் தானே செய்யும் கருவி. மதுரையிலும் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் இசைத்தட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் தானியங்கிக் கருவிக்குக் கிடைத்த இடம் சிறியது. அதற்கான காரணங்கள், இன்று பழைய தட்டுகளை வைத்திருப்போருக்கும் பொருந்துகின்றன.

சாவிப் பெட்டிக் காலம்

மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி 1926இல், பத்து வயதில், எச்.எம்.வி. இசைத்தட்டுக்குப் பாடினார். காரைக்குடியில் தந்தையின் கடையில் இசைத்தட்டு விற்பனையைக் கற்ற ஏ.வி. மெய்யப்பன், பின்னர் சென்னையில் பங்காளிகளுடன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நிறுவனத்தை நடத்தி நாடக இசைத்தட்டுகளையும் வெளியிட்டார். ஏவி.எம். திரைப்பட நிறுவனத்துக்கு முன்கதை இதுதான்.

அன்றைய தட்டுகள் அரக்கால் ஆனவை. நிமிடத்துக்கு 78 சுற்று. பத்து அங்குலத் தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் அல்லது சற்றுக் கூடுதல். அரக்கோடு கலந்த கனிமத் தூள் எஃகு ஊசியைத் தேய்த்துவிடும் என்பதால் பக்கத்துக்கு ஓர் ஊசி மாற்ற வேண்டும். சாவி கொடுப்பது, ஊசி மாற்றுவது, தட்டைத் திருப்புவது எல்லாம் கை வேலை. ஆனால் மின்சாரம் வேண்டியதில்லை. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் தொடங்கியது. மதுரை திருப்பரங்குன்றம் சாலையில் பைக்காரா என்ற பெயரிலேயே ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. கம்பி எட்டாத ஊர்களில் சாவிப் பெட்டியே நெடுங்காலம் பாடியது.

மாற்றிக் கருவியும் அதன் குறையும்

மேலை நாடுகளில் 1920களின் இறுதியிலேயே தட்டு மாற்றும் கருவிகள் விற்பனைக்கு வந்தன. நடுத் தண்டில் ஆறு முதல் பத்துத் தட்டுகள் வரை அடுக்கினால், ஒன்று முடிந்ததும் அடுத்தது மேலிருந்து விழும். தட்டின் முடிவில் உள்ள அகன்ற பள்ளத்தில் ஊசிக்கை சட்டென உள்ளே நகரும். அந்த வேகம் ஒரு பற்சக்கரத்தைத் தூண்டிக் கையைத் தூக்கச் செய்யும். இங்கிலாந்தின் காரார்டு, பி.எஸ்.ஆர். நிறுவனங்கள் இத்துறையில் பெயர் பெற்றவை. இந்தியாவில் இவை பெரும்பாலும் ரேடியோகிராம் என்ற மரப் பேழைக்குள் இருந்தன. வசதியான வீட்டின் கூடத்துப் பொருள் அது.

இவற்றை வைத்திருந்தோர் பாராட்டியது ஒன்றைத்தான்: எழுந்து போக வேண்டியதில்லை. குறைகள் பல. தட்டின் மேல் தட்டு விழுந்து உரசும். அடுக்கு உயர உயர ஊசியின் சாய்வு மாறும். அக்கால மலிவான படிக ஊசித்தலைகள் ஐந்து கிராமுக்கு மேற்பட்ட எடையோடு பள்ளத்தை அழுத்தின. இன்னொரு சங்கடம் நாடகத் தட்டுகளில் வரும். முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்குக் கதை தொடரும் தொகுப்பை அடுக்கிவிட்டால், கருவி ஒரு பக்கத்தை மட்டும் பாடிவிட்டு அடுத்த தட்டுக்குத் தாவும். கதையில் பாதி காணாமல் போகும்.

திருவிழா, திருமண ஒலிபெருக்கித் தொழிலுக்கோ தானியங்கி முற்றிலும் ஒவ்வாதது. மைக் செட்காரர் பிள்ளையார் பாட்டில் தொடங்குவார், மதுரைக்காரரான டி.எம். சௌந்தரராஜனின் குரல் நாள் முழுவதும் கேட்கும். இரவில் 'திருவிளையாடல்' (1965) போன்ற படங்களின் கதை வசனத் தட்டு. இடையில் கெட்டிமேளம் என்றால் அந்த நொடியே ஊசியைத் தூக்க வேண்டும். அறிவிப்பு வந்தாலும் அப்படியே. இதற்குக் கைதான் சரி. பத்து நிமிடம் கண்ணயர்ந்தால் ஊசி கடைசிப் பள்ளத்தில் கிடந்து கரகரக்க ஊரே கேட்கும் என்பது அத்தொழிலின் நிரந்தர ஆபத்து.

1950களின் இறுதியில் கொல்கத்தாவின் டம்டம் ஆலையில் வினைல் தட்டுகள் தயாராகத் தொடங்கின. அரக்குத் தட்டும் 1970களின் தொடக்கம் வரை கூடவே வந்தது. எச்.எம்.வி.யின் ஃபியஸ்டா போன்ற கையடக்கப் பெட்டிகள் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தன. அன்றைய மதுரை மாவட்டத்தின் பண்ணைப்புரத்தைச் சேர்ந்த இளையராஜா 'அன்னக்கிளி'யில் (1976) அறிமுகமானபோது அப்பாடல்கள் ஊர்களைச் சென்றடைந்தது இத்தகைய பெட்டிகளிலும் ஒலிபெருக்கிகளிலும்தான். 1980களில் ஒலிநாடா இவற்றை ஓரங்கட்டியது.

இன்றைய கருவிகள்

வினைல் தட்டு மீண்டும் விற்கும் இக்காலத்தில் மலிவான தானியங்கிகள் வந்துள்ளன. ஆடியோ-டெக்னிக்கா எல்.பி.60, சோனி எல்.எக்ஸ்.310 ஆகியவை பொத்தானை அழுத்தினால் போதும் என்ற வகை. அழுத்த எடை ஆலையிலேயே அமைக்கப்பட்டதால் புதியவர் தவறு செய்ய இடமில்லை. எடையைத் தன் விருப்பப்படி மாற்றவும் முடியாது. இதைவிட மலிவான சூட்கேஸ் வடிவப் பெட்டிகளில் 'தானே நிற்கும்' வசதி மட்டும் உண்டு. பல பெட்டிகளில் அது ஊசி ஓரிடத்துக்கு வந்ததும் சுழற்சியை நிறுத்திவிடுவதால், நீளமான எல்.பி.யின் கடைசிப் பாட்டு பாதியில் நிற்கிறது. ஊசி தட்டின் மேலேயே கிடக்கிறது.

மேற்சொன்ன இரு தானியங்கிகளும் 33, 45 சுற்றுகளில் மட்டும் ஓடுபவை. எனவே தாத்தா வாங்கிய 78 சுற்றுத் தட்டுகள் அவற்றில் பாடா. சூட்கேஸ் பெட்டிகள் 78இல் சுழலும். ஆனால் அவற்றின் ஊசி வினைலுக்கானது. அரக்குத் தட்டின் பள்ளத்துக்கு ஏறத்தாழ 65 முதல் 75 மைக்ரான் ஆரமுள்ள முனை வேண்டும், எல்.பி. ஊசியின் முனை 15 முதல் 18 மைக்ரான். சிறிய முனை பள்ளத்தின் அடியில் இறங்கி, பாட்டைவிடத் தூசியையும் கீறலையும் அதிகம் ஒலிக்கும். மறுவெளியீடு காணாத பழைய நாடக, நாகசுரத் தட்டுகள் பல வீடுகளில் ஒற்றைப் பிரதியாக எஞ்சியிருக்கின்றன. பொருந்தாத ஊசியின் ஒவ்வொரு ஓட்டமும் அவற்றில் ஒரு பங்கைத் தேய்க்கிறது. இவற்றுக்கு ஏற்றவை, 78 சுற்றும் ஊசி மாற்றும் வசதியும் கொண்ட எல்.பி.120 போன்ற கருவிகள். விலை கூடுதல், ஊசியையும் கையால்தான் தூக்கி வைக்க வேண்டும்.