சாரத்துணி கண்ட சபைகள்

மதுரங்குளிச் சந்தியில் புத்தளம் பேருந்துக்காகக் காத்து நின்ற இளைஞர் ஒருவர், கட்டமிட்ட சாரம் உடுத்து, மேலே 'லூயி விட்டோன்' என்று பெரிய எழுத்தில் பொறித்த ரீசேட் அணிந்திருந்தார். அந்த ரீசேட் பாரிஸ் நகரைக் கண்டதில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அவர் இடுப்பில் இருந்த துணியின் குலம் உலகத்தின் பெரிய சபைகளையெல்லாம் கண்டது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

தெருவில் உடுப்பதையும் சீமான்கள் உடுப்பதையும் ஒன்றாக்கியவர் என்று இன்று உலகம் கொண்டாடுவது விர்ஜில் அப்லோ என்ற வடிவமைப்பாளரை. கானா நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1980இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் பிறந்தவர், தாயார் தையற்காரி. கட்டடக்கலை படித்த அப்லோ, 2012இல் ஏறக்குறைய 40 டொலருக்கு வாங்கிய மிச்சச் சட்டைகளில் எழுத்துகளை அச்சடித்து 550 டொலருக்கு விற்றார். இது கலையா, கைவரிசையா என்று முதலில் முகம் சுளித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் 2018இல் லூயி விட்டோன் நிறுவனமே தன் ஆண்கள் ஆடைப் பிரிவை அவரிடம் ஒப்படைத்தது. அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவரே. 2021 நவம்பர் 28ஆம் திகதி, 41ஆவது வயதில், புற்றுநோய் அவரைக் கொண்டுசென்றது.

எனினும் தெருத்துணி மாளிகை ஏறியது அவரோடு தொடங்கிய சங்கதியல்ல. தமிழகக் கரையின் பழவேற்காட்டில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் கோட்டை கட்டியதற்குப் பெரிய காரணம், அந்தக் கரையில் நெய்யப்பட்ட துணிதான். மலாய் மக்கள் கட்டமிட்ட சாரத்தை இன்றும் 'பெலெகாட்' என்று அழைப்பது பழவேற்காட்டின் பெயரால்தான். சென்னைக் கரையின் கட்டத்துணி மேற்காபிரிக்கக் கரைக்கும் போனது. அங்கே ஒரு சாரார் அதை 'ஜோர்ஜ்' என்றார்கள். அது சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையின் பெயர். கரிபியன் தீவுகளான மார்ட்டினிக், குவாதலூப் பெண்கள் தலையில் கட்டும் கட்டத்துணிக்கு 'மட்ராஸ்' என்றே பெயர். ஆபிரிக்கக் கரையில் மனிதர்களை அடிமைகளாக வாங்கியபோது விலையாகக் கொடுத்த பண்டங்களில் இந்தியத் துணியும் உண்டு என்பதை இங்கே மறைத்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

சுவையான கட்டம் 1958இல் வருகிறது. வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் மும்பைக்கு வந்து, கண்ணூர்க்காரரான கப்டன் கிருஷ்ணன் நாயரிடம் யார் ஒன்று ஒரு டொலர் வீதம் பத்தாயிரம் யார் மட்ராஸ் துணி வாங்கினார். தாவரச் சாயம் தோய்த்த துணி. குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டும் என்று நாயர் சொல்லி அனுப்பினார். ஜேக்கப்சன் அதைக் கடைக்காரருக்குச் சொல்ல மறந்தார். நியூயோர்க்கின் புகழ்பெற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் அந்தத் துணியில் தைத்த மேற்சட்டைகளை 50 டொலர் வரை விற்றது. வாங்கிய கனவான்கள் சலவை இயந்திரத்தில் போட்டார்கள். சாயம் ஓடியது, கூடவே கிடந்த வெள்ளாடைகளும் நிறம் மாறின. வழக்குத் தொடரப் போவதாக மிரட்டல் வந்தது. அமெரிக்கா சென்ற நாயர், 'செவன்டீன்' சஞ்சிகைக்காரரைச் சந்தித்துப் பேச, ஒவ்வொரு சலவையிலும் நிறம் மாறும் அதிசயத் துணி என்று பக்கம் பக்கமாகக் கட்டுரை வெளிவந்தது. 'சாயம் ஓடுவதற்கு உத்தரவாதம்' என்பதே விளம்பரமாயிற்று. நாயர் பின்னாளில் சொல்லி மகிழ்ந்த கதை இது. சற்று மெருகேறியும் இருக்கலாம். ஆனால் அறுபதுகளில் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களின் நாகரிகமாக மட்ராஸ் துணி ஆனது மெய்.

இந்தக் கதையில் இறக்குமதியாளருக்குப் பெயர் உண்டு, ஏற்றுமதியாளருக்கு உண்டு, கடைக்கும் சஞ்சிகைக்கும் உண்டு. தறியில் இருந்தவருக்கு மட்டும் இல்லை. அப்லோவை நான் மதிப்பது இந்த இடத்தில்தான். தெருவிலிருந்து சட்டை மட்டும் மேலே போகவில்லை. தையற்காரியின் மகனும் பெயரோடு போனார்.

எங்கள் நாட்டிலும் ஒரு நல்ல முயற்சி நடந்தது. வத்தளையில் கன்னியாஸ்திரிகள் ஏழைப் பெண்களுக்கு நெசவு பழக்கிய இடத்தில் நிறமும் வடிவமும் வகுத்துக் கொடுக்க அழைக்கப்பட்டவர் ஓவியர் பார்பரா சன்சோனி. 1964இல் அவர் தொடங்கிய 'பெயார்ஃபுட்' வழியாகக் கைத்தறித் துணியும் சாரமும் கொழும்பு மேட்டுக்குடியின் வரவேற்பறைக்குள் நுழைந்தன. 2022இல் அவர் மறைந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிகள் நிறங்களைப் பற்றியே அதிகம் பேசின. கிராமத்துப் பெண்களுக்குத் தறி கூலி தந்தது என்பதைத்தான் நான் முதலில் எழுதியிருப்பேன்.

நான் பத்திரிகைக்கு வந்த புதிதில், கொழும்பில் ஒரு விருந்து மண்டபத்துக்கு, எங்களூர் முதியவர் ஒருவரையும் அழைத்துச் சென்றேன். மீனவர் பிரச்சினை பற்றி அங்கே வரும் அதிகாரிகளிடம் பேச வேண்டும் என்பது அவர் எண்ணம். சாரம் உடுத்தோருக்கு அனுமதியில்லை என்று வாசலில் நிறுத்திவிட்டார்கள். உள்ளே வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் கட்டமிட்ட மட்ராஸ் மேற்சட்டையோடு கைகுலுக்கிக்கொண்டிருந்தார். முதியவர் கண்ணாடிக் கதவு வழியாக அதைப் பார்த்தார்.

"தம்பி, அவர் என்ட சாரத்தைத் தைச்சுப் போட்டிருக்கிறார்" என்றார்.