தலைக்காயமும் புலப்படாச் சிதைவும்

கோப்பாய்க்கு மேற்கே, மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய சாமுவேல் கிறீன் 1867 இல் ‘இரண வைத்தியம்’ என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். தலைக்காயத்தில் அக்கால வைத்தியர் அறியக்கூடியன கண்ணுக்கும் விரலுக்கும் எட்டியவையே. 1895 இல் றொன்ற்ஜன் கண்ட கதிர் மண்டையோட்டின் முறிவைக் காட்டிற்று, மூளையைக் காட்டவில்லை. 1971 இல் இலண்டனில் முதன்முதல் நோயாளி ஒருவர்க்குப் பயன்பட்ட கணினிவழி வெட்டுமுகப் படம் மூளையுட் குருதிக்கட்டியையும் புலப்படுத்திற்று. எனினும், படத்திற் குறையேதுமில்லை எனக் கூறப்பட்ட பின்னரும் நினைவு தடுமாறி, சினம் மிகுந்து, தொழிலிழந்தோர் உளர். அன்னார் நடிக்கின்றனர் என உற்றாரே ஐயுறுதலும் உண்டு.

இதன் காரணம் அக்கருவிக்கு முன்னரே உணரப்பட்டதாகும். தலை சடுதியாகச் சுழலும்போது மூளையினுட் கொய்வு விசை தோன்றும் என்பதை 1943 இல் ஒக்ஸ்போர்ட் பௌதிகவியலாளர் ஹோல்போர்ன் ஜெலற்றின் மாதிரி கொண்டு விளக்கினார். (கோப்பாயூடே செல்லும் பருத்தித்துறை வீதியில் மோட்டார்ச் சைக்கிளிலிருந்து வீழ்பவர்க்குத் தலைக்கவசம் ஓட்டைக் காப்பினும் இச்சுழற்சியை முற்றாகத் தடுப்பதன்று.) 1956 இல் சபீனா ஸ்றிச், இறந்தோர் மூளையில் வெண்பொருள் நார்கள் அழிந்திருந்தமையை நுணுக்குக்காட்டியிற் கண்டார்.

உயிரோடிருப்பவரிடத்து அதனைக் காணக் காந்தப் பரிவுப் படிமமே துணையாயிற்று. 1994 இல் பசரும் துணைவரும் வகுத்த பரவல் தென்சர் முறை, நார்வழியே நீர் மூலக்கூறுகள் பரவுந் திசையை அளக்கின்றது. காந்த ஏற்புத்திறன் முறை நுண்ணிய குருதிக் கசிவையும் கரும்புள்ளியாகக் காட்டும். ஆயினும் முன்னையது குழுக்களை ஒப்பிடுதற்கே பெரிதும் ஏற்றது. தனியொருவர் வழக்கில் அதனை முடிந்த சான்றாகக் கொள்ளல் பொருந்தாது.